வடதுருவத்துச் சம்பந்தி

நீச்சல் தெரியாத நீர்மூழ்கி நிபுணர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் தெருக்காரர். வடதுருவத்துப் பனிக்கட்டிக்கு அடியில் என்னென்ன நடந்தது என்பதை அவரைப்போல விவரிக்க, அங்கே போய்வந்தவர்களாலேயே முடியாது. போனவர்களுக்காவது குளிர் என்று ஒரு தொந்தரவு இருந்தது. இவருக்கு அதுவும் கிடையாது. அருப்புக்கோட்டை வெயிலில், முண்டா பனியனோடு, ஒரு காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே சொல்வார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நேரில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. 'வடதுருவம்' என்றால் ஆட்டோக்காரர் நேரே கொண்டுவந்து இறக்கிவிடுவார். என் ஜெராக்ஸ் கடை அவர் கடைக்கு அடுத்தது. பத்திரிகையில் எழுதுகிறவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "வடதுருவத்துக்குப் பக்கத்துக் கடையில இருப்பாரே, அவரு" என்றுதான் இன்றைக்கும் என்னை அடையாளம் சொல்கிறார்கள்.

அவர் தொழில், எரிந்துபோன போர் மோட்டாருக்குக் காயில் கட்டுவது, அதாவது உள்ளே செம்புக் கம்பி சுற்றுவது. வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. வானம் எங்களைப் பார்ப்பதில்லை என்பதால் நாங்கள் பூமிக்குள் போர் என்று துளை போட்டுத் தண்ணீர் தேடுகிறோம். அந்தத் துளைக்குள், தண்ணீரில் முங்கியபடியே ஓடுகிற நீளமான மோட்டார் ஒன்றை இறக்குவார்கள். கடைப் பலகைகளில் அதற்கு 'நீர்மூழ்கி மோட்டார்' என்று பெயர். பேச்சில் மோட்டார் உதிர்ந்துபோய் 'நீர்மூழ்கி' மட்டும் நிற்கும். "எங்க நீர்மூழ்கி எரிஞ்சு போச்சு" என்று எங்கள் ஊரில் ஒருவர் சொன்னால், கடற்படைக்கு என்ன ஆயிற்றோ என்று யாரும் பதற மாட்டார்கள். அண்ணாச்சி கடை வாசலிலும் "இங்கு நீர்மூழ்கி பழுது பார்க்கப்படும்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். எல்லா வினைக்கும் இந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

முதல் வினை நூலகத்தில் ஆரம்பித்தது. பழைய புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த நூலகர், அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் நீர்மூழ்கி, நீர்மூழ்கி என்றிருந்தது. நல்ல மனுஷர். "அண்ணாச்சி, ஒங்க தொழில் பொஸ்தகம் ஒண்ணு கெடக்கு, எடுத்து வச்சிருக்கேன்" என்று சொல்லி அனுப்பினார். காயில் கட்டுகிற முறையில் ஏதோ புதுசாக இருக்கும் என்று நினைத்துத்தான் அண்ணாச்சி அதை வாங்கி வந்தார்.

அதில் இருந்தது வேறு. வெகு காலத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரர், வடதுருவப் பனிக்கு மேலே நாய்வண்டி கட்டிப் போவதைவிட அடியில் புகுந்து போய்விடலாம் என்று கணக்குப் போட்டார். அமெரிக்கக் கடற்படை கழித்துப் போட்டிருந்த ஒரு பழைய நீர்மூழ்கிக் கப்பலைப் பிடித்து, பழுது பார்த்து, ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கிளம்பினார். பாதிக் கடலில் எஞ்சின் நின்றுபோனது. இன்னொரு கப்பல் கயிறு கட்டி இழுத்துக் கரைசேர்த்தது. மறுபடி ரிப்பேர், மறுபடி பயணம். ஒருவழியாகப் பனியின் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்து பார்த்தால், கப்பலை முங்கவைக்கிற துடுப்புகளையே காணோம். அப்படியும் மனுஷர் திரும்பவில்லை. கப்பலின் மூக்கைத் தாழ்த்தி, பனிக்கு அடியில் கொஞ்சமாவது புகுந்து பார்த்துவிட்டுத்தான் வந்தார். அவர் பெயரை அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக உச்சரித்ததால் நான் இங்கே எழுதத் துணியவில்லை. அண்ணாச்சிக்கு அவர் 'நம்ம தொரை'.

இதெல்லாம்கூட அண்ணாச்சியைப் பெரிதாக ஆட்டவில்லை. ஒரு நாள் மத்தியானம் நான் கடையில் தூங்கி வழிந்துகொண்டிருந்தபோது பக்கத்துக் கடையிலிருந்து ஒரு அலறல். மனுஷருக்குக் கரண்டு அடித்துவிட்டது என்று நினைத்துக் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி! போரு வச்சிருக்கான் தம்பி! கப்பல்ல போரு வச்சிருக்கான்!"

விஷயம் இதுதான். பனிக்கு அடியில் போகிறபோது உள்ளே காற்று தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று யோசித்து, பனியை மேல்நோக்கித் துளைக்கிற கருவி ஒன்றைக் கப்பலின் உச்சியில் பொருத்தியிருந்தார்களாம்.

"நாம தண்ணிக்காகக் கீழ போரு போடுறோம். அவன் காத்துக்காக மேல போரு போட்டிருக்கான். அம்புட்டுத்தான் தம்பி வித்தியாசம். மத்தபடி ரெண்டும் ஒரே தொழிலு!"

"அந்தத் துளை போடுற சாமான் ஒழுங்கா வேலை செஞ்சதா அண்ணாச்சி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"செய்யல. எப்பிடிச் செய்யும்? செகண்ட் ஹேண்டு வண்டியில லாங் ட்ரிப்பு போகலாமா? என்னையக் கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்."

அவர் பிறப்பதற்கு ரொம்ப முன்னால் நடந்த பயணம் என்பதால் துரைக்குக் கேட்க வசதிப்படவில்லை.

அன்றிலிருந்து அண்ணாச்சியும் துரையும் கூட்டாளிகள். கடைக்கு யார் வந்தாலும் கப்பல் கிளம்பும். பரளச்சியிலிருந்து ஒரு விவசாயி, எரிந்துபோன மோட்டாரை பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்தார். தோட்டத்தில் மிளகாய்ச் செடி வாடுகிறது. அண்ணாச்சி மோட்டாரைப் பிரிக்கிற சாக்கில் கதையைப் பிரித்தார். கப்பல் கிளம்பி, நின்று, இழுபட்டு, கரைசேர்ந்து, மறுபடி கிளம்புகிறவரை அந்த விவசாயி பொறுமையாகக் கேட்டார். மழைக்கே காத்திருந்து பழகினவர்.

"ஏன் அண்ணாச்சி, அந்தாளுக்கு வெள்ளாமை கிள்ளாமை ஏதும் உண்டா?"

"அதெல்லாம் கெடையாதுய்யா."

"அதான பாத்தேன். செடி வாடுறவனா இருந்தா ஐஸுக்கடியில போயி ஒக்காருவானா? நீங்க மொதல்ல காயிலக் கட்டுங்க."

துடுப்பு எப்படித் தொலைந்தது என்பது இன்னொரு பெரிய விவகாரம். அலை அடித்து உடைந்ததா, பயந்துபோன மாலுமி எவனாவது வேண்டுமென்றே கழற்றிவிட்டானா என்று அந்தக் காலத்திலேயே சந்தேகம் இருந்ததாம். டீக்கடையில் இதை வைத்து இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. அண்ணாச்சி மாலுமி கட்சி. ஆனால் அவன்மேல் அவருக்குக் கோபம் இல்லை.

"பொண்டாட்டி புள்ள உள்ளவன் எவனோ கழட்டிட்டான் தம்பி. அவனையும் குத்தம் சொல்ல முடியாது. வீடு போயிச் சேரணும்ல."

மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்திருந்த மதினி, அதாவது அவர் மனைவி, தூக்குச்சட்டியை ணங்கென்று வைத்தார். "இந்தக் கடையிலயும் எவனாச்சும் எதையாச்சும் கழட்டிவிட்டா நல்லாருக்கும். இவுகளும் வீடு வந்து சேருவாக."

சித்திரை மாதம் ஒன்றில் அண்ணாச்சி வடதுருவத்தையே தெருவுக்குக் கொண்டுவந்தார். மோட்டாரை ஓடவிட்டுப் பார்ப்பதற்காக அவர் கடைக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. ஐஸ் கம்பெனியில் ஒரு முழு ஐஸ் பாரை வாங்கி, மரத்தூளும் சாக்கும் சுற்றி, டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு வந்து தொட்டிக்குள் இறக்கினார். அடியில் மோட்டார். அது பீச்சுகிற தண்ணீர் ஐஸைத் துளைத்துக்கொண்டு மேலே வரும், துரையின் கருவி செய்யாததைத் தான் செய்துகாட்டலாம் என்பது திட்டம். சுவிட்சைப் போட்டார். ஐஸ் துளைபடவில்லை, சுற்ற ஆரம்பித்தது. சுற்றிய வேகத்தில் கேபிளை இழுத்து, ஜாயிண்டைப் பிய்த்தது. டமார் என்று ஒரு சத்தம். தெரு முழுக்கக் கரண்டு போய்விட்டது.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பவர்லூம் தறி. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் வாழ்கிறவர்களுக்கு அது நின்றால்தான் தூக்கிவாரிப்போடும். அத்தனை பேரும் பாவு நூல் அறுந்த ஆத்திரத்தோடு ஓடிவந்தார்கள். தலையிலிருந்து கால்வரை நனைந்துபோய், கையில் ரப்பர் உறையோடு நின்ற அண்ணாச்சி, அவர்கள் வாயைத் திறப்பதற்குள் தொட்டியைக் காட்டினார்.

"பாத்தீகளா! இதே மாதிரித்தான் நம்ம தொரைக்கும் ஆச்சு!"

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். யாருக்கும் அடிக்க மனசு வரவில்லை. எதிர்க்கடையில் நன்னாரி சர்பத் பாட்டில் இருந்தது, இங்கே ஐஸ் இருந்தது. கரண்டு வருகிறவரை தெருவே ஜில்லென்று சர்பத் குடித்தது. என் ஜெராக்ஸ் மெஷினுக்குள்ளும் ஏதோ கருகியிருந்தது. அதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அண்ணாச்சியின் மகள் செல்விக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. செல்வி மதுரையில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீசியன். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவாள். அதே பஸ்ஸில் காரியாபட்டியில் ஏறுகிற பாண்டி என்ற பையனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போய்விட்டது. நல்ல பையன், மதுரையில் வேலை. தகப்பனார் இல்லை. பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். அவருக்குப் பிடித்தால் கல்யாணம், இல்லையென்றால் பஸ்ஸோடு சரி. பேசிக் கரைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவது என்று ஏற்பாடாயிற்று.

முந்தின நாள் செல்வி அப்பாவை உட்காரவைத்துப் பேசினாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அப்பா, நாளைக்கு வாரவுக முன்னால கப்பல் பேச்ச எடுக்கக் கூடாது. வடதுருவம், ஐஸு, தொரை, துடுப்பு, ஒரு வார்த்த வரக் கூடாது. நீங்க ஆரம்பிச்சா அவுக எந்திரிச்சுப் போயிருவாக. எனக்கு இந்தக் கல்யாணம் நடக்கணும்ப்பா."

அண்ணாச்சி விசிறிக்கொண்டிருந்த காலண்டர் அட்டையைக் கீழே வைத்தார். அப்புறம் மகள் தலையில் கைவைத்து, "ஒன்னாண வாயத் தொறக்க மாட்டேன் தாயி" என்றார். மதினிக்கு அதிலும் நம்பிக்கை வரவில்லை. அண்ணாச்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, பேச்சில் கப்பல் தலைகாட்டினால் காலை மிதிக்கிற பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் பெரியப்பா. வெள்ளைச் சட்டை, முறுக்கு மீசை, நெஞ்சை நிமிர்த்திய நடை. வாசலுக்கு வந்த அண்ணாச்சியைப் பார்த்ததும் குதிகாலை ஒட்டி நின்று விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"ஜெய்ஹிந்த்!"

அண்ணாச்சி திகைத்துப்போய் இரண்டு கையையும் கூப்பினார். பட்டாளத்துக்காரர்கள் சம்பந்தியை இப்படித்தான் கும்பிடுவார்கள்போல என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். கேசரியும் காராச்சேவும் வந்தன. பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நீர்மூழ்கில எம்புட்டு வருசம் சர்வீஸு?"

"அது ஆச்சு, முப்பது வருசத்துக்கு மேல. சர்வீஸு பண்ணிப் பண்ணியே காலம் போச்சு" என்றார் அண்ணாச்சி.

"எம்புட்டு ஆழம் வரைக்கும் போவீக?"

"முன்னெல்லாம் எரநூறு அடி போதும். இப்ப ஆயிரம் அடி போகாம வேல நடக்கல."

பெரியப்பா சொந்தக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

"உள்ள எங்கிட்டாவது மாட்டிக்கிட்டா?"

"மாட்டாம இருக்குமா? செயின் பிளாக்கு போட்டு இழுத்துப் பாப்போம். வந்தா வரும். வராதது அங்கனயே கெடக்கும். நானே எத்தனையோ விட்டுட்டு வந்திருக்கேன். என்ன செய்ய, மனசத் தேத்திக்கிட்டு அடுத்தத எறக்க வேண்டியதுதான்."

பெரியப்பாவின் கண் கலங்கிவிட்டது. எழுந்து நின்று தலையைக் குனிந்தார். அவர் நின்றதைப் பார்த்து வேனில் வந்த எல்லாரும் கேசரித் தட்டோடு எழுந்து நின்றார்கள். போருக்குள் மாட்டிய மோட்டாருக்கு இப்படி ஒரு மரியாதையை நான் எங்கும் கண்டதில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாண்டியைப் பார்த்தேன். அவன் காராச்சேவை ஒவ்வொன்றாக ஆராய்ந்துகொண்டிருந்தான். பிற்பாடு அவனே சொன்னான். "பொண்ணோட அப்பாவுக்கு நீர்மூழ்கில வேலை" என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறான். அருப்புக்கோட்டையில் அதற்கு ஒரே அர்த்தம். பாதி வாழ்நாளைப் பட்டாளத்தில் கழித்த பெரியப்பாவுக்கு வேறு அர்த்தம். அவராகவே நேவி என்று முடிவுகட்டி, அவராகவே சந்தோஷப்பட்டு, ஊர் முழுக்கச் சொல்லியும் முடித்துவிட்டார். பையனும், காரியம் கூடி வருகிறதே என்று வாயை மூடிக்கொண்டான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். இங்கே ஒருத்தரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, கல்யாணம் பாதி முடிந்துவிட்டது.

"தெருமுக்குல வந்து வீட்டக் கேட்டோம். 'வடதுருவம் வீடா, அந்தா'ன்னு காட்டுறாக. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு" என்றார் பெரியப்பா. "அப்ப ஐஸுக்கடியிலயும் போயிருக்கீக?"

அண்ணாச்சியின் உடம்பு தூக்கிப்போட்டது. நான் காலை மிதித்தேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"சொல்லக் கூடாதோ?"

அண்ணாச்சி இல்லை என்றும் ஆமாம் என்றும் தலையை ஆட்டினார்.

"ரகசியம்! புரியுது, புரியுது. நேவிக்காரவுக அப்பிடித்தான்" என்று பெரியப்பா பூரித்துப்போனார். "சரி, ஐஸு எம்புட்டுக் கனம் இருக்கும்னாவது சொல்லுங்களேன்."

பாவம், அண்ணாச்சி. ஆளைப் பிடித்து இழுத்துவைத்து ஐஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷர் அவர். ஒருத்தர் தானாக வந்து ஐஸைப் பற்றிக் கேட்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் நெற்றி நரம்பு புடைத்தது. காது சிவந்தது. தட்டில் இருந்த கேசரியை மொத்தமாக அள்ளி வாய்க்குள் அடைத்துக்கொண்டார். அடுக்களை வாசலில் நின்ற மதினி, கட்டின நாளிலிருந்து பார்க்காத பெருமையோடு புருஷனைப் பார்த்தார்.

பெரியப்பா குரலைத் தாழ்த்தி என் பக்கம் சாய்ந்தார். "நேவி கேண்டீன்ல சரக்குக் கோட்டா நம்மள விடக் கூடவா தம்பி?" நான் மையமாகச் சிரித்து வைத்தேன்.

தாம்பூலத் தட்டு வந்தது. பெரியப்பா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்தார். "எங்க குடும்பத்துல ஆர்மி இருக்கு. இப்ப நேவியும் சேருது. கப்பல்லயே வடதுருவம் வரைக்கும் போயிட்டு வந்த மனுசன் எனக்குச் சம்பந்தி. இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

வாயைக் கட்டுவதிலேயே குறியாக இருந்த அண்ணாச்சிக்கு, கப்பல் என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வாயிலிருந்த கேசரியைக் கஷ்டப்பட்டு விழுங்கினார். நீட்டிய தட்டுக்குக் கை வரவில்லை.

"அண்ணாச்சி, வாங்கிருங்க. மத்தத கல்யாணம் முடிஞ்சு பேசிக்கலாம்" என்று கிசுகிசுத்தேன். எனக்கு உலக அனுபவம் உண்டு.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"தாயி செல்வி, ஒன்மேல ஆண வச்சிருக்கேன். ஒரே ஒரு வார்த்த கப்பலப் பத்திப் பேசிக்கிறவா?"

செல்விக்கும் எல்லாம் புரிந்திருந்தது. அவள் பாண்டியைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். அந்தத் தட்டுக்கும் அப்பாவின் கைக்கும் நடுவில் ஒரு சாண் தூரம்தான். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

"பேசுங்கப்பா" என்றாள்.

அண்ணாச்சி எழுந்து நின்றார். "சம்பந்தி, நான் கப்பல்ல இருந்தவன் இல்ல. நீர்மூழ்கின்னா எங்க ஊருல போருக்குள்ள எறக்குற மோட்டாரு. நான் அதுக்குக் காயில் கட்டுறவன். கடல்ல நான் எறங்குனது ராமேஸ்வரத்துல தீர்த்தமாடத்தான். அப்பவும் ரெண்டு பேரு கையப் பிடிச்சுக்கிட்டாக. வடதுருவம்ங்கிறது பட்டப் பேரு. போனதில்ல, படிச்சதுதான்."

பெரியப்பா தட்டை ஏந்தியபடியே அண்ணாச்சியை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப, எத்தனையோ விட்டுட்டு வந்தேன்னு சொன்னீகளே?"

"மோட்டாரு."

"நான் எந்திரிச்சு நின்னேனே!"

"நானும் எதுக்குன்னுதான் யோசிச்சேன்."

"அப்ப கேண்டீன் கார்டு?"

"ரேசன் கார்டுதான் இருக்கு."

பெரியப்பா தட்டை நாற்காலிமேல் வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். "வண்டிய எடுக்கச் சொல்லுங்கடா." பாண்டி எழுந்து, "பெரியப்பா, நான் பொய் சொல்லல" என்று தொடங்கினான். "ஏலே, நீ வாயத் தொறந்த, பாத்துக்க" என்று அவர் போட்ட அதட்டலில் வெளியே வேன் டிரைவரே எஞ்சினை அணைத்துவிட்டான். செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதுவரை ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்த பாண்டியின் அம்மா வாயைத் திறந்தார்.

"ஒக்காருங்கத்தான். கப்பல்காரர் சம்பந்தியா வந்தா, காரியாபட்டியில அவுக கப்பல எங்கிட்டு ஓட்டுவாக? நம்ம போர்ல மோட்டாரு மாட்டிக்கிட்டு வெள்ளாமை கருகிக் கெடக்கு. கூப்புட்ட ஆளெல்லாம் இன்னைக்கு வாரேன், நாளைக்கு வாரேன்னு ஏய்க்கிறாக. மோட்டார்க்காரவுக வீட்டுக்கே ஒறவா வாராக. அது ஒங்களுக்குக் கசக்குதா?"

வேனில் வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எங்கள் சீமையில் தோட்டம் வைத்திருக்கிற எவருக்கும் அந்த வார்த்தை நெஞ்சில் இறங்கும். பின்வரிசையிலிருந்து ஒரு மாமா மெதுவாக, "எங்க மோட்டாரும் கொஞ்ச நாளா கொர்ருங்குது" என்றார். இன்னொருவர், தண்ணீர் விட்டு விட்டு வருவது எதனாலே என்று கேட்டார். அண்ணாச்சி, வாழ்வா சாவா என்ற அந்த நேரத்திலும், "அது கெப்பாசிட்டரா இருக்கும்" என்றார்.

பெரியப்பா உட்கார்ந்தார். ஆனால் முகம் தெளியவில்லை. ஊரில் போய் எப்படித் தலைகாட்டுவது என்ற கவலை அதில் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் மீசையைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "படிச்சதுன்னு சொன்னீகளே, அப்பிடி என்னதான் படிச்சீக?" என்றார்.

அண்ணாச்சி மகளைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "சொல்லுங்கப்பா. இனி என்ன இருக்கு?"

சொன்னார். பழைய கப்பல், நின்ற எஞ்சின், காணாமல்போன துடுப்பு, மேல்நோக்கிப் போடுகிற போர், எல்லாம். எத்தனையோ தடவை கேட்டுச் சலித்த எனக்கே அன்றைக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது. "மூக்கத் தாழ்த்தி உள்ள விட்டாக. மேல ஐஸு கப்பல் முதுகுல ஒரசுற சத்தம் கேட்டு, உள்ள இருந்த அம்புட்டுப் பேரும் நடுங்கிப் போனாக" என்று அவர் சொன்னபோது பெரியப்பா கையை உயர்த்தினார்.

"வெறுமன ஒரசாது. மொனங்கும்."

அண்ணாச்சி கதையை நிறுத்தினார்.

"நான் பனிமலையில காவல் இருந்தவன். ஐஸு மேல டென்ட்டப் போட்டு மாசக்கணக்கா படுத்திருக்கேன். காத வச்சா கீழ அது மொனங்குறது கேக்கும். பொறகு திடீர்னு வெடிக்கும். நம்மளக் கூப்புடுற மாதிரியே இருக்கும். வீட்டுல சொன்னா யாரு நம்புறா? ஒருத்தரும் முழுசாக் கேட்டதில்ல."

கதையின் நடுவில் யார் குறுக்கிட்டாலும் அண்ணாச்சிக்குக் கோபம் வரும். ஒருமுறை தும்மியதற்காக என்னை முறைத்திருக்கிறார். அன்றைக்கு அவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரியப்பாவின் முழங்காலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்பிடி மொனங்கும் சம்பந்தி?"

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். அடித்தொண்டையிலிருந்து, நெடுநேரம், ஊ என்றும் சொல்ல முடியாத, ம் என்றும் சொல்ல முடியாத ஒரு சத்தம் எழுப்பினார். கடைசியில் நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு வெடி. அந்த மீசைக்கும் அந்தச் சத்தத்துக்கும் யாராக இருந்தாலும் சிரித்திருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி சின்னப் பிள்ளையாக வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அதைத் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"இன்னொருக்கா போடுங்க சம்பந்தி" என்றார்.

தாம்பூலத் தட்டு எப்போது கைமாறியது என்று எனக்குத் தெரியாது. இந்த இரண்டு பேரையும் நம்பினால் ஆகாது என்று மதினியும் பாண்டியின் அம்மாவும் அடுக்களையில் வைத்தே மாற்றி முடித்துவிட்டார்கள். கல்யாணமும் ஆவணியில் ஜாம்ஜாமென்று நடந்தது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அண்ணாச்சி காலை பஸ்ஸில் காரியாபட்டிக்குப் போய்விடுகிறார். கேட்டால், சம்பந்தி வீட்டு மோட்டாரைப் பார்க்க என்பார். ஒரு மோட்டாரை வாரா வாரம் பார்க்க என்ன இருக்கிறது என்று மதினி கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை. அவர் கடை பூட்டிக் கிடக்கும். கப்பல் கிடையாது, துரை கிடையாது, ஒரு தொந்தரவும் கிடையாது. இப்படி ஒரு நாளாவது நிம்மதியாக எழுத விடமாட்டாரா என்று எத்தனையோ வருஷம் நான் வேண்டிக்கொண்டதுதான். பொழுது சாய்ந்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டு, மதுரை ரோட்டில் பஸ் வருகிறதா என்று வாசலுக்கு வந்து நின்றுகொள்கிறேன்.